தோமான் வேறு, விரால் வேறு



ஆசிரியர் பிழை செய்யமாட்டார் என்று மாணவர் நம்புவது இயல்பு. அந்நம்பிக்கைக்கு மாறாக, நான் செய்த பிழை ஒன்றை இம்மலரில் கூற விழைகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் 'என் விடுமுறை' என்னும் கட்டுரையில், தந்தையோடு பழைய ஈயக் குட்டையில் தோமான் பிடித்ததாக எழுதியிருந்தான். நான் அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, 'விரால்' என்று திருத்தினேன். மலாய்ச் சொல்லை நீக்கித் தமிழ்ச் சொல்லை இட்டோம் என்ற மனநிறைவு எனக்கு. மறுநாள் அவன் என் மேசையருகே வந்து, "ஐயா, தோமான் வேறு, விரால் வேறு" என்று பணிவுடன் கூறினான். நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர், பால்மரம் சீவும் அவன் தந்தையாரிடம் வினவியபோதுதான் பிழை என்னுடையது என்பதை உணர்ந்தேன்.

விரால் என்பது மலாய்க்காரர்கள் 'ஹாருவான்' என்று அழைக்கும் மீன். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்க்கு நாம் சமைத்துக் கொடுப்பது அதுவே. தோமான் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேறினம். ஒரு மீட்டருக்கு மேல் நீண்டு, இருபது கிலோ எடை வரை வளரக்கூடியது. மீன்களையும் தவளைகளையும் வேட்டையாடி உண்பது. அவ்வப்போது நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உட்கொள்ளாவிடில் அது உயிர் வாழாது.

1831ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் குவியே இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். அப்பெயரில் 'சிறு கேடயம்' என்னும் பொருளுடைய சொல் உள்ளது. அது இம்மீனின் சிறிய செதில்களைக் குறிப்பது. பெயரிடுவதில் பேரறிஞர்களும் தடுமாறியதுண்டு. கேரளத்து ஆறுகளில் வாழும் இதன் உறவு மீனை 1865இல் தனியினம் என்று எழுதிய பிரான்சிஸ் டே, பின்னர்த் தாமே அதனைத் தோமானோடு ஒன்றாக்கிவிட்டார். அது தனியினமே என்று 2011இல் ஆய்வாளர்கள் நிறுவினர். திருத்திக்கொள்வது அறிவுக்கு இழுக்கன்று.

தோமானைக் கொடிய மீன் என்று பலர் பழிக்கின்றனர். ஆனால் அதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். அதன் குஞ்சுகள் செந்நிறமாய், கருங்கோடுகளுடன், கூட்டமாக நீர்மேல் வந்து போகும். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். நெருங்குவது எதுவாயினும் பாய்ந்து தாக்கும். மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்பிக்க வேண்டுமா என்பது நம் பழமொழி. நீந்தக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் காவல் வேண்டும். அச்சினமும் அன்பின் வெளிப்பாடே.

ஆகவே, தூண்டிற்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். செங்குஞ்சுகள் மிதக்கும் இடத்தில் தூண்டில் வீசாதீர்கள். சினந்து பாயும் பெற்றோரைப் பிடிப்பது எளிது. ஆனால் காவலிழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். பிள்ளைகளே, நீங்களும் அவ்விடத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள். வளர்த்துச் சலித்த தோமானை வேற்று நீரில் விடுவதும் தகாது. அந்நிய நீர்நிலைகளுக்கு இக்குடும்பத்து மீன்களால் கேடு வரும் என்று அஞ்சியே, அமெரிக்கா 2002இல் அவற்றை உயிருடன் இறக்குமதி செய்யத் தடை விதித்தது.

நம் விராலுக்கு நம் பெயர் இருக்கட்டும். இம்மண்ணின் தோமானுக்கு இம்மண்ணின் பெயர் இருக்கட்டும். ஒரு மலாய்ச் சொல்லை ஏற்பதால் தமிழ் தேய்ந்துவிடாது. தவறான சொல்லை இடுவதால்தான் அறிவு தேயும். தோட்டத்துப் பிள்ளை ஆற்றிலும் குட்டையிலும் கற்று வருவதும் கல்வியே. அவன் சொல்லை அடிக்குமுன் அவனைக் கேட்போம்.

அம்மாணவனின் கட்டுரையில் நான் இட்ட திருத்தத்தை நானே அடித்து, 'தோமான்' என்று மீண்டும் எழுதிக் கொடுத்தேன். என் ஆசிரியப் பணியில் நான் செய்த நல்ல திருத்தங்களுள் அதுவும் ஒன்று.