பெயர் சொல்லாமல் அடிக்கும் சட்டம்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களிடம் குடியுரிமைப் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வரும்: "சட்டம் எல்லாருக்கும் பொது சார். அதுல எந்த சமூகத்தோட பேரும் இல்லையே!" படித்தவர்கள், பெரிய பதவிகளில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் இதை மறுத்தாக வேண்டும்.

1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்திலும் தமிழர் பெயர் இல்லை. தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபி என்றது, அவ்வளவுதான். லயத்து வீட்டில் வாழ்ந்த தேயிலைத் தொழிலாளி அந்தக் காகிதத்துக்கு எங்கே போவார்? சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அவர்களின் வாரிசுகளில் பலர் 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழகம் வந்து இன்று முகாம்களில் இருக்கிறார்கள்.

இங்கே நாம் என்ன செய்தோம்? 1987 ஜூலை 1 முதல் பிறக்கும் குழந்தை பிறப்பால் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும் என்றது குடியுரிமைச் சட்டத்தின் 1986-ஆம் ஆண்டுத் திருத்தம். அடையாறில் பிறக்கும் நம் வீட்டுக் குழந்தையை அது தொடவே இல்லை. மண்டபம் அகதி முகாமில் பிறந்த குழந்தைக்கு அதுவே தலையெழுத்து. அங்கே 1986-இல் பிறந்த பெண்ணொருவர் பாஸ்போர்ட்டுக்காக நீதிமன்றப் படியேறி, பிறப்பாலேயே இந்தியர் என்ற தீர்ப்பை 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பெற்றார். அதே முகாமில், அகதிகளான தாய் தகப்பனுக்கு 1988-இல் பிறந்தவருக்கு அந்த உரிமை கிடையாது. மண் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, மொழி ஒன்று. இரண்டு வருடம் பிந்திப் பிறந்ததுதான் குற்றம்! 2003 திருத்தம் இன்னும் இறுக்கியது. கடவுச்சீட்டின்றிப் படகில் வந்தவரை மணந்த இந்தியப் பெண்ணின் பிள்ளைக்கும் கதவு சாத்தப்பட்டது.

ஒரு சட்டம் யாரைப் பாதிக்கும் என்பதை மசோதா எழுதும்போதே எப்படிக் கணிப்பது என்பார்கள். அரசுக்குச் செலவு வைக்கும் மசோதா என்றால் நிதிக் குறிப்பு இல்லாமல் நாடாளுமன்றத்துக்குள் நுழைய முடியாது. ரூபாயைக் கணிக்க முடிகிற அதிகாரிகளால் மனிதர்களைக் கணிக்க முடியாதா? அமெரிக்காவின் அயோவா மாநிலம் 2008-லேயே, தண்டனைச் சட்ட மசோதாக்கள் சிறுபான்மையினரை எப்படிப் பாதிக்கும் என்ற அறிக்கையைக் கட்டாயமாக்கிவிட்டது.

அடுத்த தேர்தலில் தி. நகர்த் தெருக்களில் ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம், இங்கேயும் மசோதாக்களுக்கு அப்படியோர் அறிக்கை வேண்டும் என்று கேளுங்கள். 1988-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர் கேட்க முடியாது. அவருக்கு ஓட்டு இல்லை.