வீர நாயகியரும் நம் வீட்டு மகளிரும்

வரலாற்றுக் கதைகளின்பால் நம் பெண்கள் கொண்டுள்ள ஈடுபாடு இன்று நேற்று தோன்றியதன்று. 1950ஆம் ஆண்டில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வெளிவரத் தொடங்கிய காலத்தில், வார இதழின் வரவை வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தோருள் பெண்கள் பலர். அக்கதை 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, அவர்தம் பேத்தியர் அதனைக் கண்டு மகிழ்ந்தனர். அப்பேத்தியருள் பலர் இப்போது ஜப்பான் நாட்டுச் சித்திரப் படங்களையும் கைப்பேசியில் விரும்பிக் காண்கின்றனர். ஏரலிலிருந்தும் பேட்மாநகரத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் பேருந்தேறிக் கல்லூரிக்குச் செல்லும் மாணவியரும் இதற்கு விலக்கல்லர். "இதில் என்ன இருக்கிறது?" என்று பெரியோர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. ஆயின், விடை காணுமுன் தீர்ப்பு வழங்கிவிடுதல் நியாயமாகாது.

ஜப்பானியர் சிறுமியர்க்கென்றே வரையும் கதைகளுக்கு 'ஷோஜோ' என்று பெயரிட்டுள்ளனர். அவ்வகையில் மிசுஹோ குசனகி என்னும் பெண் எழுத்தாளர் 2009ஆம் ஆண்டில் வரையத் தொடங்கிய 'விடியலின் யோனா' என்னும் கதை, 2014ஆம் ஆண்டில் தொலைக்காட்சிப் படமாயிற்று. பழங்கால அரசு ஒன்றினைக் கற்பனையாகப் படைத்து, அதில் நிகழ்வதாக இக்கதை அமைந்துள்ளது. செல்வமாக வளர்ந்த இளவரசி யோனா, தன் பதினாறாம் பிறந்தநாள் இரவில், தான் நேசித்தவனாலேயே தந்தை கொல்லப்படுவதைக் காண்கிறாள். அரண்மனையை விட்டு ஓடுகிறாள். வில்வித்தை கற்கிறாள். தன் நாட்டு மக்கள் பசியால் வாடுவதையும், பெண்கள் கடத்தி விற்கப்படுவதையும் அப்போதுதான் முதன்முறையாகக் கண்ணுறுகிறாள். அரண்மனைக்குள் இருந்தவரை, தான் ஒன்றுமே அறியாதிருந்ததை உணர்கிறாள். கதையின் உயிர்நாடி இதுவே.

இக்கதை மாணவியரைக் கவர்வது ஏன்? நாயகியின் அழகும் ஆடையணியும் காரணம் என்போர் மேலோட்டமாக நோக்குவோர். மூன்று காரணங்கள் எனக்குப் புலனாகின்றன. அவள் பிறவியிலேயே வல்லவளாக இல்லை, கற்று வல்லவளாகிறாள். தன் வாழ்வு பற்றிய முடிவைத் தானே எடுக்கிறாள். எடுத்த முடிவின் விளைவைத் தானே ஏற்கிறாள். கல்வி, முடிவு, பொறுப்பு என்னும் இம்மூன்றுமே பதினெட்டு வயதுப் பெண்ணின் உள்ளம் வேண்டுவன. வாழ்வில் எளிதிற் கிட்டாததைக் கதையிலேனும் அவள் கண்டு மகிழ்கிறாள்.

இஃது அயல்நாட்டுப் புதுமை என்று ஒதுக்கிவிடுவோர் நம் சிவகங்கைச் சீமையை நினைவுகூர்தல் நலம். 1772ஆம் ஆண்டுக் காளையார்கோவில் போரில் மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். அரசி வேலு நாச்சியார் தம் மகளுடன் தப்பிச் சென்று, விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். திண்டுக்கல்லைத் தம் ஆட்சியிற் கொண்டிருந்த ஹைதர் அலியின் துணையை நாடிப் பெற்றார். படை திரட்டி, 1780ஆம் ஆண்டில் சிவகங்கையை மீட்டார். அவருக்குப் பகையாய் நின்றவை ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கம்பெனியின் படையும். கைகொடுத்து உதவியவர் மைசூரின் ஹைதர் அலி. பகையும் நட்பும் அக்காலத்தில் சமயத்தின் வழியே பிரிந்து நிற்கவில்லை என்பதற்கும் இவ்வரலாறு சான்றாகும். ஜப்பானியப் பெண்மணி கற்பனையில் கண்டதை நம் மண்ணின் அரசி வாழ்ந்தே காட்டியுள்ளார். எனினும், யோனாவை அறிந்த அளவிற்கு வேலு நாச்சியாரின் எட்டாண்டு வனவாசத்தை நம் மாணவியர் அறிவரா என்பது ஐயமே. அவர்கட்கு அதனைச் சுவைபடச் சொல்லாத குறை நம்முடையது.

இசுலாமிய வரலாற்றை நோக்கினும் இத்தகைய பெண்மணிகளுக்குப் பஞ்சமில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகக் குழுக்களை நெடுந்தொலைவு அனுப்பி வாணிகம் நடத்திய பெருமாட்டி. கடல் வாணிகத்தால் பெயர்பெற்ற காயல் கரையினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கி.பி. 625இல் உஹதுக் களத்திற்குத் தண்ணீர் சுமந்து சென்ற நுஸைபா பின்த் கஅப் (ரலி) அவர்கள், போர் திசைமாறியபோது படைக்கலம் ஏந்தி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் காத்து நின்று விழுப்புண் பல ஏற்றார். தில்லியில் 1236 முதல் 1240 வரை ஆட்சிபுரிந்த சுல்தானா ரஸியாவைப் பற்றி எழுதிய சமகால வரலாற்றாசிரியர் மின்ஹாஜ், ஆள்வோர்க்குரிய பண்புகள் அனைத்தும் அவரிடம் இருந்தன என்று போற்றிவிட்டு, ஆணாகப் பிறவாததால் அவற்றால் பயன் என்ன என்று வருந்துகிறார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த அவ்வருத்தம் இன்றும் சில இல்லங்களில் ஒலித்துக்கொண்டிருப்பதை மறுப்பதற்கில்லை.

நம் இசுலாமியத் தமிழ் இலக்கியமும் இதில் பின்தங்கவில்லை. வாள்வலி மிக்க அரசகுமாரி சைத்தூன், முகம்மது ஹனீபாவை எதிர்த்துப் பொருது, பின்னர் அவரை மணக்கும் கதையைச் 'சைத்தூன் கிஸ்ஸா' கூறுகிறது. அது வரலாறன்று, புனைகதையே. எனினும், போர்க்களம் புகும் பெண்ணைக் கதைத்தலைவியாக ஏற்று மகிழும் உள்ளம் நம் முன்னோர்க்கு இருந்தது என்பதற்கு அது சான்று. நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம், பள்ளிக்கல்வி மிகச் சில ஆண்டுகளே பெற்றவர். அவர் 1938ஆம் ஆண்டில் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். இன்று பட்டம் பெறும் வாய்ப்புள்ள பெண்கள் எத்துணை எழுதலாம்!

இக்கதைகளுக்கு எதிராகக் கூறப்படும் கருத்துகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவை காதலை மிகைப்படுத்துகின்றன என்பது ஒன்று. இது பல படைப்புகளுக்குப் பொருந்தும். தேர்ந்து காண்பதற்குப் பழக்குவதே அதற்கு மருந்து. வீரம் என்றாலே வாள்வீச்சு என்னும் மயக்கத்தை விளைவிக்கின்றன என்பது மற்றொன்று. இதில் உண்மை உண்டு. துன்பத்தில் கலங்காமல் நோயாளியின் அருகில் விழித்திருக்கும் செவிலியின் வீரம் வில்லேந்தியவளின் வீரத்திற்குக் குறைந்ததன்று. கற்பனையை வரலாறென நம்பிவிடுகின்றனர் என்பது மூன்றாவது. மூன்றனுள் வலிமை மிக்கதும் இதுவே. கோடிக்கரையில் ஓடம் செலுத்தும் பூங்குழலி கல்கியின் கற்பனை. குந்தவைப் பிராட்டியோ வரலாற்றில் வாழ்ந்தவர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர் அளித்த கொடைகள் அவர் தம்பி இராசராசனின் கொடைகளோடு கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இவ்வேறுபாட்டை உணர்த்துவது தமிழாசிரியரின் கடன். நாவலைத் தடுப்பதால் அவ்வுணர்வு வாராது; நாவலையும் கல்வெட்டையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்தினால் வரும்.

ஆகவே, மூன்று வேண்டுகோள்களை முன்வைக்க விழைகின்றேன். ஆசிரியப் பெருமக்கள் கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் இலக்கிய வரலாற்றில் பெயரளவில் கூறிக் கடந்துவிடாமல், வகுப்பறையில் படித்துக்காட்ட வேண்டும். மாணவியர் பார்த்து மகிழ்வதோடு அமையாது, தம் ஊர்ப் பாட்டிமார் நினைவில் வைத்திருக்கும் கதைகளைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பாட்டியர் மறைந்தால் அக்கதைகளும் மறையும். சமுதாயப் பெரியோர், நல்ல வரன் வந்தது என்பதற்காக இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ படிப்பை நிறுத்திவிடாமல், பட்டம் பெறும்வரை பொறுத்தருள வேண்டும். இம்மூன்றாவதே தலையாயது. இடையில் நின்ற படிப்பு மீண்டும் தொடர்வது அரிது. திருமணம் ஓராண்டு தாழ்ந்தால் குடி கெட்டுவிடாது.

கதை நாயகி ஒருத்தி கற்பதையும் முடிவெடுப்பதையும் பொறுப்பேற்பதையும் கண்டு நம் மகள் மகிழ்கிறாள் என்றால், அம்மகிழ்ச்சி நமக்கு விடுக்கப்பட்ட விண்ணப்பம். அதனைக் கைப்பேசியைப் பறித்துவைத்துத் தள்ளுபடி செய்வதா, கல்வியை முடிக்கவிட்டு நிறைவேற்றுவதா என்பது நம் கையில் உள்ளது. நிறைவேற்றும் நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!