துணைநலமும் நீர்க்கட்டியும்

"விசேஷம் ஏதும் உண்டா?"

மணமான மூன்றாம் மாதத்தில் தொடங்கிய வினா இது. நிக்காஹ் வீட்டிலும் பெருநாள் காலையிலும், ஏன், மய்யித்து வீட்டிலும்கூட என் துணைவியை நோக்கி ஐந்தாண்டுகள் எழுப்பப்பட்டது. ஒருமுறையேனும் என்னை நோக்கி எழுந்ததில்லை. சில வேளைகளில் நானும் அருகில்தான் இருந்தேன், வாய் திறந்தேனில்லை. வகுப்பறையில் மணிக்கணக்கில் ஓயாது பேசும் நாவுக்கு அங்கே ஒரு சொல் எழவில்லை.

இக்கட்டுரையை அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன். படித்துப் பார்த்து இரண்டு வரிகளை நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன்.

ஆண்டுதோறும் மாணவர்க்கு 'வாழ்க்கைத் துணைநலம்' என்னும் அதிகாரத்தைப் பாடமாக நடத்துகிறேன். துணை என்னும் சொல்லுக்குப் பால் வேறுபாடு இல்லை. ஆயினும் அவ்வதிகாரம் பேசுவது மனைவியின் மாண்பையே. கணவன் துணையாதலைத் தனியே எடுத்துரைக்கும் அதிகாரம் ஒன்று நூலில் இல்லை. இன்னொன்றும் நோக்கத் தக்கது. 'மலடி' என்னும் சொல்லைத் தெருவில் கேட்டிருக்கிறோம். 'மலடன்' என்னும் சொல்லை அகராதியில்தான் காண்கிறோம். மொழி யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியுள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

2008ஆம் ஆண்டில் மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டி 'நீர்க்கட்டி' என்றார். கட்டி என்றவுடன் அறுத்தெறிய வேண்டிய ஏதோ ஒன்று என அஞ்சினோம். அப்பெயரே பிழையானது என்பதைப் பிற்பாடு அறிந்தேன். படத்தில் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிர்ந்து வெளிப்படாமல் நின்றுவிட்ட, சினைமுட்டையைத் தாங்கும் நுண்பைகள். பலருக்கு இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்ப்பதில்லை, இன்சுலின் மிகுகிறது, அதன் தூண்டுதலால் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் மிகுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் உரோமம் அரும்புகிறது, எடை ஏறுகிறது. மெலிந்த பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. 1935இல் சிகாகோ மருத்துவர்களான ஸ்டெய்ன், லெவன்தால் ஆகிய இருவர் ஏழு பெண்களிடம் கண்டு எழுதிய இந்நிலை, இன்று பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை தம் நோய் இன்னதென்றே அறியாதவர். ஆகவே இதை வாசிக்கும் மாணவர் பலரின் இல்லத்திலும், பெயர் தெரியாமலேனும், இது இருக்கக்கூடும்.

இனி என் குற்றங்களுக்கு வருகிறேன்.

இருவரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். துணைவி மறுநாளே குருதி கொடுத்தார். நான் விந்தணுச் சோதனைக்குச் செல்ல ஒன்பது மாதங்கள் கடத்தினேன். விடைத்தாள் திருத்தும் பணி, பல்கலைக்கழகக் கருத்தரங்கு, காய்ச்சல் எனக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. உண்மைக் காரணம் அச்சம். குறை என்னிடம் என்று வந்துவிட்டால் என் செய்வது? அந்த அச்சத்தை அவர் ஐந்தாண்டுகள் நாள்தோறும் சுமந்தார் என்பதும், என்னால் ஓர் அரைமணி நேரம்கூடச் சுமக்க இயலவில்லை என்பதும் அப்போது உறைக்கவில்லை.

அடுத்தது உணவு. எடை சிறிது குறைந்தாலே மாதவிலக்கு சீராகும் வாய்ப்புண்டு என்று மருத்துவர் சொன்னதுதான் தாமதம், தேர்வுக்கூட அறைக் கண்காணிப்பாளரைப் போல அவர் தட்டின்மீது கண் வைத்தேன். "இன்னும் ஒரு கரண்டியா?" என்பேன். என் தட்டிலோ நெய்ச்சோறு குவிந்திருக்கும்! மெட்ஃபார்மின் மாத்திரை தொடக்கத்தில் குமட்டலையும் வயிற்றுப்போக்கையும் தருவதுண்டு. அவர் சோறு வேண்டாமென எழுந்த நாள்களில் 'பரவாயில்லை, கட்டுப்பாடாக இருக்கிறார்' என மகிழ்ந்தேன். அதனை இன்று நினைப்பினும் நாணமாயிருக்கிறது. ஒரே அடுப்பில் இருவருக்கும் ஒரே உணவு சமைத்து, இருவரும் சேர்ந்து நடக்கப் போவதே துணை, எஞ்சியவை மேற்பார்வை.

முகத்து உரோமத்தைப் பற்றி நான் ஒருநாள் விளையாட்டாகச் சொன்ன சொல் ஒன்றுண்டு. நீக்கச் சொன்ன வரிகளுள் அதுவும் ஒன்று. மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயாளரிடம் மிகுதி. அவற்றையும் வினவி அறிய வேண்டும் என 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது. எங்கள் இல்லத்தில் அச்சோர்வுக்கு 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல்' என்று பெயர் சூட்டியிருந்தோம்.

எல்லாவற்றினும் பெரிய பிழை பின்னர் நேர்ந்தது. 2011இல் மகள் பிறந்தாள். இறைவனுக்கு நன்றி கூறினேன். நோய் தீர்ந்தது என்றும் கருதினேன். மருத்துவமனைக்கு உடன்செல்வதை நிறுத்தினேன். மாதவிலக்கு மூன்று நான்கு மாதங்கள் வாராதிருந்தாலும் 'இனி என்ன?' என்றிருந்தோம். ஈண்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீர்க்கட்டி நோய் பிள்ளைப்பேற்றுச் சிக்கல் மட்டுமன்று. வாழ்நாள் முழுதும் உடன்வருவது. நீண்ட காலம் விலக்கு வாராதிருப்பின் கருப்பையின் உட்படலம் தடித்து, புற்றுநோய்க்கும் இடமாகலாம். சர்க்கரை நோய்க்கான வாய்ப்பும் மிகுதி. ஆதலால் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குருதிச் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும். பதினோராண்டுகள் நாங்கள் சோதிக்கவில்லை. 2022இல் வேறொன்றுக்காக எடுத்த சோதனையில் சர்க்கரை நோய் தெரியவந்தது. பிள்ளைக்காக மட்டுமே அவருடைய உடலின்மீது நான் அக்கறை கொண்டிருந்தேன் என்பதற்கு அந்தச் சோதனைத்தாளே சாட்சி. அவர் என்னைக் கடிந்துரைக்கவில்லை. கடிந்திருக்கலாம்.

இப்போது பஜ்ருத் தொழுகைக்குப் பின் இருவரும் நடக்கிறோம். அவர் என்னைவிட வேகமாக நடக்கிறார். நோன்பு மாதம் நெருங்கும்போது மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு எழுதி வருவது என் பணி.

சென்ற பெருநாளன்று, புதிதாக மணமான என் தங்கை மகளும் அவள் கணவரும் எங்கள் இல்லம் வந்திருந்தனர். என் சாச்சி அவளருகே அமர்ந்து, "என்னம்மா, விசேஷம் ஏதும்..." என்று தொடங்கினார். "சாச்சி, அதை மாப்பிள்ளையிடம் கேளுங்கள்" என்றேன். கூடம் அமைதியாயிற்று. மாப்பிள்ளை தேநீர்க் குவளையையே நோக்கியிருந்தார். சாச்சி வட்டலப்பத்தைத் தொடாமல் எழுந்து சென்றுவிட்டார். அவரைச் சமாதானம் செய்யும் பொறுப்பு, வழக்கம்போல், என் துணைவியின் தலையில் விழுந்தது.