துடிக்குதே சார், அப்புறம் எப்படி?

காஞ்சிபுரம் பக்கத்தில் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த ஊர் என்பது ஸ்தல புராணம். சிறகு அறுந்து விழுந்தும், சேதியைச் சொல்லும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்த பறவையின் கதையை அர்ச்சகர் சொல்லி முடித்தார். கூட நின்ற இளைஞர் (டை கட்டாத ஆபீஸ் முகம்) என்னிடம் மெல்லக் கேட்டார்:

"சார், மூளைச்சாவுன்னு சொல்லி கையெழுத்துக் கேக்கறாங்க. ஆனா ஹார்ட் துடிச்சுக்கிட்டு இருக்கே? உயிரோட இருக்கறவனை அறுக்கற மாதிரி இல்லையா?"

நியாயமான கேள்விதான்.

இதயம் உங்கள் கை முஷ்டி அளவு சதை. நாலு அறை, நாலு வால்வு. டாக்டர் கேட்கும் 'லப்-டப்' அந்தக் கதவுகள் சாத்தும் சத்தம். வலப்பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். இடப்பக்கம் உடம்பு பூராவுக்கும். நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,000 லிட்டர், அதாவது ஒரு தண்ணி லாரி! காதலிப்பது அதன் வேலை இல்லை. அது மூளையின் டிபார்ட்மென்ட். சினிமாப் பாட்டுக்காரர்கள் மன்னிக்க.

விஷயம் இதுதான். இதயத்துக்குக் கரண்ட் மூளையிலிருந்து வருவதில்லை. வலது மேலறையில் 'சைனஸ் நோட்' என்று சொந்த ஜெனரேட்டர் இருக்கிறது. மூளை நம்ம மானேஜர் மாதிரி: 'சீக்கிரம்', 'மெதுவா' என்று மட்டும் சொல்லும். மானேஜர் போய்விட்டாலும் வேலை நடக்கும், ஆக்சிஜன் கிடைக்கிறவரை.

மூச்சு அப்படி இல்லை. அதற்கு மூளைத்தண்டு உத்தரவு வேண்டும். அது செத்தால் மூச்சு நின்றுவிடும். வென்டிலேட்டர் காற்றடிப்பதால்தான் இதயம் ஓடுகிறது. அதை எடுத்தால் சற்று நேரத்தில் அதுவும் நிற்கும். இதைத்தான் 1994 சட்டம் மரணம் என்று ஒப்புக்கொண்டது. நாலு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டும்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனுக்கு விபத்தில் மூளைச்சாவு. வயது 15. அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள். துடிப்பின் அர்த்தம் தெரிந்தவர்கள். தெரிந்தும் பெற்ற மனசு என்ன பாடுபட்டிருக்கும்! சம்மதித்தார்கள். போலீஸ் வழிவிட, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிஷத்தில் போனது இதயம். ஒன்பது வயதுச் சிறுமிக்குள் மறுபடி துடித்தது. நரம்பை வெட்டி எடுத்த இதயம் அங்கே எப்படித் துடிக்கும்? அதே ஜெனரேட்டர்தான்!

எடுத்த இதயம் தாங்குவது சுமார் நாலு மணி நேரம். தயங்க நேரமில்லை. அந்த ராத்திரி கையெழுத்துப் போடப்போவது நீங்கள் இல்லை. உங்கள் அப்பாவோ, மனைவியோ. உங்கள் விருப்பத்தை இன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் சொல்லி வையுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.

சொல்லிவிட்டு ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புங்கள். முதலில் அது உங்களுக்கே உழைக்கட்டும்.