கயிற்றைப் பிடித்தவரின் கவனம்



நம் தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே இறுதியான பெரும் முத்துக்குளிப்பு. அத்தொழிலில், மூழ்கியவரின் உயிர் தோணியில் நின்று கயிற்றைப் பிடித்தவரின் கையில் இருந்தது. அடியாழத்தில் இருப்பவர் கயிற்றை அசைத்த கணமே மேலே நிற்பவர் தூக்கியாக வேண்டும். அவர் வேடிக்கை பார்த்து நின்றால் கீழே உள்ளவரின் மூச்சு காத்திருக்குமா?

இன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரும் அத்தகைய பொறுப்பை ஏற்றவரே. அவருக்கு உதவ இரு கருவிகள் வந்துள்ளன. ஒன்று, வழிகாட்டும் கைபேசி. மற்றொன்று, சாலையில் நடப்பதைப் பதிவு செய்யும் டேஷ் கேமரா. தெரியாத ஊரில் முன்னது துணை. விபத்து நேர்ந்தால் பின்னது சாட்சி. ஆனால் இவற்றை முன்கண்ணாடியின் நடுவிலேயே பொருத்திவிட்டால், உதவ வந்தவையே கண்ணை மறைக்கும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி இரண்டு வினாடிகளில் 33 மீட்டர் கடந்துவிடுகிறது. அவ்விரு வினாடிகள் வரைபடத்தைப் பார்ப்பது, அத்தனை தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்கு ஒப்பாகும். துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளும், திருச்செந்தூர்ச் சாலையில் இருட்டில் நடக்கும் பாதயாத்திரிகர்களும் அந்த 33 மீட்டருக்குள் இருக்கக்கூடும்.

சட்டமும் இதைக் கருதியுள்ளது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்டு 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஓட்டுபவர் கைபேசியை வழி அறிவதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதுவும் கவனம் சிதறாத வகையில். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இடத்தையே அளந்து வைத்துள்ளது: வழிகாட்டும் கருவி முன்கண்ணாடியில் ஓட்டுநருக்கு அப்பாலுள்ள கீழ் மூலையில் 7 அங்குலச் சதுரத்துக்குள்ளோ, ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையில் 5 அங்குலச் சதுரத்துக்குள்ளோ அடங்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை எளியவை. கேமராவை நடுக்கண்ணாடிக்குப் பின்னால், இடப்புறமாக மறைவாகப் பொருத்துங்கள். அதன் ஒயர் தொங்காமல் கூரை ஓரமாகச் செல்லட்டும். கைபேசியைத் தாழ்வாக, காற்றுப்பை விரியும் இடத்தைத் தவிர்த்து வையுங்கள். போகுமிடத்தைப் புறப்படும் முன்பே குறித்துவிட்டு, வழியில் குரலைக் கேட்டுச் செல்லுங்கள். மாற்ற நேர்ந்தால் ஓரமாக நிறுத்தி மாற்றுங்கள்.

நம்மவரிடம் உள்ள ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நடுக்கண்ணாடியில் செபமாலை ஆடுகிறது. முன்கண்ணாடியில் புனிதர்களின் படங்கள் ஒட்டப்பட்டுள்ளன. பக்தி நன்று. ஆயினும், சைக்கிளில் குறுக்கே வரும் சிறுவனை அன்னையின் படம் மறைத்துவிட்டால், அந்த அன்னை மகிழ்வாரோ? செபமாலை பையில் இருக்கட்டும். சிறு சுரூபம் பார்வைக்குக் கீழே இருக்கட்டும்.

வரைபடம் சொல்வதெல்லாம் வேதவாக்கன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் மாவட்டத்துச் சாலைகள் பல அறுந்துபோனதை நாம் அறிவோம். 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்தில் கைபேசி காட்டிய வழியே சென்றதாகக் கூறப்படும் கார், ஆற்றில் விழுந்து மூவர் மாண்டனர். கருவி வழியைக் காட்டும். வழி இருக்கிறதா என்பதைக் கண்தான் காண வேண்டும்.

சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது ஐந்தாம் கட்டளைக்கு எதிரான பெருங்குற்றம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. 2007-ஆம் ஆண்டில் வத்திக்கான் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகளையே வெளியிட்டது. எனவே இது போலீசாருக்கு அஞ்சிச் செய்யும் காரியமன்று, மனச்சான்றின் கடமை.

இறுதியாக, இல்லத்தில் இருப்போருக்கு ஒரு சொல். கணவரோ மகனோ வண்டியில் வரும் நேரத்தில், "எங்கே வருகிறீர்கள்?" என்று அடிக்கடி அழைக்காதீர்கள். உடன் பயணம் செய்பவராயின் கைபேசியை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, வழியை வாயால் சொல்லுங்கள். ஓட்டுபவரின் கண் சாலையை விட்டு அகலாதிருக்கத் துணைசெய்வதும் குடும்ப அன்பின் ஒரு வடிவமே.