தலையைத் தொடும் கை!

ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்ப்பது ஒரு தொழில். அப்பனைப் பார்த்து மகன் கற்றுக்கொண்ட தொழில்.

ஆளை உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் வைத்துத் தட்டுவார்கள். தோள், முதுகு, கால் என்று தேய்த்துக்கொண்டே இறங்குவார்கள். பிறகு அருவியில் ஒரு குளியல். உடம்பு அலுப்புப் பறந்துவிடும்! அலுப்புப் போவதற்குத்தான் காசு. அது நியாயமான கூலி.

தலையைத் தொடும் வேறொரு வித்தையும் இருக்கிறது. இது அமெரிக்காவில் பிறந்தது. மண்டை எலும்புகளை விரலால் மெல்ல அழுத்தினால் நோய் போகும் என்கிறது இந்த வித்தை. சில நாள் வகுப்பிலேயே இதைக் கற்றுத் தருகிறவர்களும் உண்டு.

மீன் செவுள்

வில்லியம் சதர்லேண்டு என்பவர் 1899-ல் மாணவராக இருந்தார். ஒருநாள், தனித்தனியாகப் பிரித்து வைத்த மண்டை ஓட்டைப் பார்த்தார். பொட்டு எலும்பின் ஓரம் மீன் செவுள் போலச் சாய்ந்து இருந்தது. அப்படியானால் இந்த எலும்பும் செவுள் மாதிரி அசையும் என்று அவருக்குப் பட்டது. தன் தலையையே இறுக்கிக் கட்டிச் சோதித்தார்! 1939-ல் புத்தகம் வெளியிட்டார்.

1970-களில் ஜான் அப்லெட்ஜர் என்பவர் இதைப் பரப்பினார். தலைக்குள் ஒரு தாளம் உண்டு, பழகிய விரலுக்கு அது தெரியும் என்பது இவர்கள் கொள்கை.

தெரிகிறதா? 1994-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 12 நோயாளிகளை 3 சிகிச்சையாளர்கள் தனித்தனியே தொட்டு எண்ணினார்கள். கணக்கு ஒத்துப்போகவில்லை. நாடி பார்க்கும் மூவர் மூன்று கணக்குச் சொன்னால் ஊர் நம்புமா?

வளர்ந்தவரின் மண்டை எலும்புகள் பல்லோடு பல் கோத்து நிற்பவை. விரலுக்கு அவை அசைந்து கொடுப்பதில்லை.

முதல் பாடம்

கைவைத்தியம் கற்க வேண்டாம் என்பதல்ல. கற்பவர் எலும்பையும் நரம்பையும் முதலில் படிக்க வேண்டும். இயன்முறை மருத்துவம் படிக்கிறவர் 4 ஆண்டுக்கு மேல் படிக்கிறார். எங்கே கை வைக்கக்கூடாது என்பதும் அதில் பாடம்.

கழுத்தைப் பாருங்கள். மூளைக்குப் போகும் 2 ரத்தக் குழாய்கள் கழுத்து எலும்பின் துளைகள் வழியாகப் போகின்றன. 'சடக்' என்று திருப்பினால் குழாயின் உள்சுவர் கிழியக்கூடும். அரிதுதான். ஆனால் வந்தால் பக்கவாதம்! முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்ப வந்தால் வேண்டாம் என்று சொல்லலாம்.

கைக்குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் சேராதவை. பிரசவத்தில் நீண்டுபோன தலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். குளிப்பாட்டும்போது உருண்டையாக்க அழுத்துகிற பாட்டியிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வேலை தேவையில்லை.

வயிற்றுப்போக்கில் உச்சிக்குழி உள்ளே இறங்கினால், உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். குழி புடைத்து, காய்ச்சலும் இருந்தால் அதுவும் ஆபத்து. எண்ணெய் வைத்து நேரத்தைப் போக்கக்கூடாது. தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. குழந்தையை உடனே அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.