எரிந்தது காகிதம் மட்டும்தானா?



"அரசியல் நமக்கெதற்கு? கடையைப் பார்ப்போம், படிப்பைப் பார்ப்போம்" என்று சொல்பவரா நீங்கள்? அப்படியானால் அப்படியே சொல்லிக் கெட்ட ஒரு நாட்டின் கதையைச் சற்றுக் கேளுங்கள்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் 1918 நவம்பரில் மன்னராட்சி வீழ்ந்தது. மறு ஆண்டே வைமர் நகரில் புதிய அரசியல் சட்டம் உருவானது. ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. கலையும் கல்வியும் செழித்தன. கட்டிடக் கலைக்குப் புதுப்பாதை காட்டிய பௌஹவுஸ் கல்லூரி 1919ல் அதே வைமரில் துவங்கியது. 1921ம் ஆண்டின் நோபல் பரிசு பெர்லினில் பணியாற்றிய ஐன்ஸ்டீனுக்குக் கிடைத்தது. 1928ல் பிரெக்ட்டின் நாடகத்தைக் காணப் பெர்லின் மக்கள் திரண்டனர். உலகமே அண்ணாந்து பார்த்த நாடு!

ஆனால் அஸ்திவாரம் ஆடிக் கொண்டிருந்தது. 1923 நவம்பரில் ஒரே ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்! வாழ்நாள் சேமிப்பு ஒரு ரொட்டிக்குக் கூடப் போதவில்லை. 1929ல் உலகப் பொருளாதாரமே சரிந்தது. 1932 துவக்கத்தில் ஜெர்மனியில் சுமார் 60 லட்சம் பேர் வேலையின்றி நின்றனர். பசித்து நின்றவனின் காதில், "உன் வறுமைக்கு யூதனே காரணம்" என்று விஷத்தை ஊற்றினான் ஹிட்லர். மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லாத சமூகம் அது! முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காக அவர்களில் சுமார் 12,000 பேர் உயிர் கொடுத்திருந்தனர். அந்தத் தியாகம் எடுபடவில்லை. பொய் எடுபட்டது.

1928 தேர்தலில் நாஜிகள் பெற்றது 2.6 சதவீதம். 1930ல் 18.3. 1932 ஜூலையில் 37.3. அதே ஆண்டு நவம்பரில் 33.1 ஆகச் சரிந்தனர். அந்தத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து வென்ற இடங்கள் 221, நாஜிகளுக்கோ 196! ஆனாலும் அவ்விரு கட்சிகளும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக் கொண்டிருந்தன. "ஹிட்லரைப் பதவியில் அமர்த்தி நம் கைக்குள் வைத்துக் கொள்ளலாம்" என்று பழமைவாதத் தலைவர்கள் கணக்குப் போட்டனர். 1933 ஜனவரி 30ல் அவன் ஆட்சியில் அமர்ந்தான். கணக்குப் போட்டவர்கள்தாம் அவன் கைக்குள் போனார்கள்!

வணிகர்களே! இரண்டே மாதத்தில், ஏப்ரல் 1ல், யூதர்களின் கடை வாசல்களில் சீருடை அணிந்த குண்டர்கள் நின்றனர். "இங்கே வாங்காதே" என்றன அவர்கள் கையிலிருந்த பலகைகள். ஒரு நாள் கூத்துதானே என்று எண்ணி நாடு வாய் மூடிக் கிடந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1938 நவம்பரில், ஒரே இரவில் ஆயிரக்கணக்கான கடைகள் நொறுக்கப்பட்டன. தொழுகை இல்லங்கள் எரிந்தன.

இளைஞர்களே! 1933 மே 10ல் பெர்லினின் ஆபரா சதுக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட நூல்கள் கொளுத்தப்பட்டன. கொளுத்தியது யார்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களா? இல்லை! பல்கலைக்கழக மாணவர்கள்! பேராசிரியர்களும் உடன் நின்றார்கள்.

அந்தத் தீயில் கவிஞர் ஹைனேயின் நூல்களும் எரிந்தன. யார் இந்த ஹைனே? யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்பெயினின் கிரானடாவில் முஸ்லிம்களின் திருக்குர்ஆன் எரிக்கப்பட்ட கொடுமையை, 1823ல் வெளியான தன் 'அல்மன்சோர்' நாடகத்தில் பேசியவர். நம் வேதம் எரிந்ததைக் கண்டித்தவரின் எழுத்து, நூற்றுப் பத்து ஆண்டுகளுக்குப் பின் அவருடைய சொந்த நாட்டிலேயே சாம்பலானது!

"பாலஸ்தீனத்தில் இஸ்ரேல் செய்யும் அநியாயத்தைக் கண்டிக்கும் நாம், யூதர்கள் பட்ட துயரத்தை ஏன் பேச வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். அநியாயத்தை அநியாயம் என்று சொல்ல ஆள் பார்க்கலாமா? ஒரு அரசின் குற்றத்துக்காக ஒரு சமூகத்தையே வெறுப்பது ஹிட்லரின் பாடம். அந்தப் பள்ளியில் நமக்கு வேலையில்லை.

சகோதரர்களே! கலையும் கல்வியும் செல்வமும் இருந்த நாட்டில்தான் இத்தனையும் நடந்தது. பிளவுபட்டு நின்றவர்களும், வாய் மூடி நின்றவர்களும்தான் அதற்கு வழிவிட்டார்கள். அடுத்தவன் கடை வாசல் மறிக்கப்படும்போது, நம் கடையில் கூட்டம் கூடுகிறதே என்று மகிழாதீர்கள். எந்தச் சமூகத்தின் மீது பழி சுமத்தப்பட்டாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேளுங்கள். வாக்குரிமையை வீணாக்காதீர்கள். வெறுப்புக்குக் கைகொடுக்க அழைப்பவன் நம்மவனே ஆனாலும் கையை விலக்கிக் கொள்ளுங்கள்.

கடையும் படிப்பும் நிலைக்க வேண்டுமானால் அரசியல் விழிப்பும் வேண்டும். சிந்திப்பீர்! செயல்படுவீர்!